கொழும்பு வீடுகளும் காணாமற்போன பத்திரங்களும்

கொழும்பில் ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்க முற்படும் எவரும் இரண்டு வகையான பத்திரங்களைத் தேட வேண்டியவராகின்றார். முதலாவது வகை, வீடு யாருக்குச் சொந்தம் என்பதைக் கூறுவது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி, நில அளவையாளர் வரைந்த படம், காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த பிரதிகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வகை, வீடு எவ்வாறு எழுந்தது என்பதைக் கூறுவது. மாநகர சபை ஏற்றுக்கொண்ட கட்டட வரைபடம், கட்டுவதற்கு வழங்கிய அனுமதி, கட்டி முடிந்தபின் அதிலே குடியிருக்கலாம் என்று கொடுத்த இணக்கச் சான்றிதழ் ஆகியன இதில் அடங்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறுபது, எழுபது ஆண்டு வயதான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வகைப் பத்திரங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். மூலப்பிரதி தொலைந்திருந்தாலும் பதிவகத்திலே மறுபிரதி இருக்கும். இரண்டாவது வகை அவ்வாறு கிடைப்பதில்லை. விற்பவரிடம் இல்லை, அவருக்கு விற்றவரிடமும் இருந்ததில்லை, சபைக் கந்தோரிற் கேட்டாற் பழைய கோவை அகப்படவில்லை என்ற விடையே பலருக்கும் கிடைக்கின்றது.

இதனை யாரோ ஓர் இலிகிதரின் அசட்டை என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அசட்டை என்பது எல்லாப் பத்திரங்களையும் ஒரே அளவிலன்றோ பாதித்திருக்க வேண்டும்? ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே ஆட்சி. அவ்வாறிருக்க, உடைமையைக் காட்டும் பத்திரம் நூறு ஆண்டு தாண்டியும் நிலைக்கின்றது. குடியிருப்பின் பாதுகாப்பைக் காட்டும் பத்திரம் ஒரு தலைமுறைக்குள் மறைகின்றது. இவ்வேறுபாட்டுக்கு விடை தேட வேண்டுமாயின் சரித்திரத்தையே நாட வேண்டும். அரசு எந்தப் பத்திரத்தை யாருக்காகக் காத்தது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

நமது அன்றாடப் பேச்சிலே வழங்கும் சில சொற்களே இச்சரித்திரத்தின் முதல் அத்தியாயத்தைச் சொல்லிவிடுகின்றன. காணி, குடும்பம், மரம், கடமை ஆகியவற்றைப் பதிந்த ஏட்டைத் 'தோம்பு' என்கிறோம். அது போர்த்துக்கீசச் சொல். லிஸ்பன் நகரிலுள்ள அந்நாட்டு அரச சுவடிச்சாலையின் பெயரிலும் அதே சொல் இன்றும் வாழ்கின்றது. பத்திரம் எழுதுமிடத்தைக் 'கந்தோர்' என்கிறோம். எழுதுபவரை 'நொத்தாரிசு' என்கிறோம். இவை ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. காணியை அளந்து ஏட்டிலே பதியும் முறை கரையோர மக்களின் வாழ்வில் எவ்வழியாக நுழைந்தது என்பதை இச்சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டிலே கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய பகுதிகளிலே விரிவான தோம்புகளை எழுதுவித்தது. இன்று இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே காக்கப்பட்டுவரும் அவ்வேடுகளைப் பார்ப்போர், அவற்றின் நுணுக்கத்தைக் கண்டு வியப்படைவர். குடும்பத்தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், காணியின் அளவு என்ன, அதிலே நிற்கும் பயன்தரு மரங்கள் எத்தனை என்பவற்றையெல்லாம் அவை சொல்லும். ஆனால் அக்காணியில் நின்ற குடிசைக்குக் காற்றும் வெளிச்சமும் இருந்தனவா, மழைநீர் எங்கே வடிந்தது, அதிலே வாழ்ந்தோர் எந்நோயால் இறந்தனர் என்பவற்றை அறிய அங்கே வழியில்லை. வரியும் ஊழியமும் பெறுவதற்காக எழுதப்பட்ட ஏடு, வரிக்கும் ஊழியத்துக்கும் வேண்டியவற்றை மட்டுமே பார்த்தது.

1796இலே கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் இக்கணக்கெழுத்தை வேறொரு திசையில் வளர்த்தனர். 1800இலே நில அளவைத் திணைக்களம் நிறுவப்பெற்றது. 1840ஆம் ஆண்டு இலங்கையின் காணிச் சரித்திரத்திலே ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணியின் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிற் சாட்சிகளோடு எழுத்தில் நிறைவேறினாலன்றிச் செல்லாது என்றது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் ஆகியவற்றை, மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று கொண்டது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒன்று எழுத்தைக் கட்டாயமாக்கிற்று. மற்றது எழுத்தில்லாதவனுடைய நிலத்தை அரசுடையதாக்கிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் கிராமத்தான் தன் உரிமையை எந்தத் தாளைக் கொண்டு மெய்ப்பிப்பான்? அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் ஏக்கர் ஐந்து சில்லிங் வீதம் கோப்பித் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டது. வாங்கியோரில் ஆளுநர் முதலாக அரசாங்க உத்தியோகத்தர் பலரும் இருந்தனர்.

பத்திரம் இல்லாமை ஏழைக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளப்படும் என்ற கொள்கை இவ்வாறு நாட்டின் சட்டத்திலே ஊன்றப்பட்டது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அதனை மேலும் இறுக்கிற்று. நகரத்து வீட்டின் கதைக்கும் மலைநாட்டுச் சேனையின் கதைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு அக்கொள்கையிலேதான் இருக்கின்றது. அது பின்னர் பல வேடங்களிலே நகரத்துக்கு வந்து சேர்ந்ததைக் காண்போம்.

காணி ஒரு விற்பனைப் பண்டமாகிவிட்டபின், அதை வாங்குவோரின் முதலைப் பாதுகாப்பது அரசின் தலையாய கடமையாயிற்று. 1863இலே காணிப் பதிவு முறை சட்டமாயிற்று. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் இம்முறையைச் செம்மைப்படுத்திற்று. அதன்படி ஓர் உறுதிக்கு மூன்று உயிர்கள் உண்டு. மூலப்பிரதி உரியவரிடம் போகும். மறுபிரதி மாதந்தோறும் பதிவாளருக்கு அனுப்பப்படும். இன்னொரு பிரதி நொத்தாரிசின் ஏட்டுத்தொகுதியில் இருக்கும். வீடு எரிந்தாலும், உரியவர் இறந்தாலும், நொத்தாரிசு தொழிலை விட்டாலும், மூன்றில் ஒன்றாவது பிழைத்திருக்கும். இந்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது. உடைமையைக் காக்க வேண்டும் என்று அரசு உண்மையில் விரும்பியபோது அதற்கு வழி தெரியாமல் இருக்கவில்லை என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நகரத்துக்கு வருவோம். 1865இலே கொழும்பு மாநகர சபை தோன்றிற்று. 1875இலே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1885இலே அது நிறைவெய்தியதும், காலித் துறைமுகத்தின் வாணிபம் கொழும்புக்குப் பெயர்ந்தது. துறைமுகத்தோடு கூலியாட்களும் வந்தனர். நிலக்கரி சுமப்போர், அரிசி மூட்டை தூக்குவோர், தெருப்பெருக்குவோர், வண்டிக்காரர் என்று தமிழகத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1871இலே ஏறக்குறைய ஓர் இலட்சமாக இருந்த நகரத்தின் குடித்தொகை 1911இலே இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் ஒரு காலத்திலே செல்வர்கள் விரும்பி வாழ்ந்த பகுதிகள். துறைமுகத்தின் தூசும் இரைச்சலும் பெருகவே அவர்கள் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பெரிய வளவுகளிலே வரிசை வரிசையாகச் சிற்றறைகள் எழும்பின. 'தோட்டம்' என்று இன்றும் நாம் அழைக்கும் அக்குடியிருப்புகளிலே ஒரு குழாய்க்கும் ஒரு மலசலகூடத்துக்கும் பல குடும்பங்கள் காத்து நின்றன. வளவுக்காரருக்குச் செவ்வையான உறுதி இருந்தது. அறையில் வாழ்ந்தவருக்கு வாடகைச் சீட்டும் அரிது.

1914ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொள்ளைநோய் கொழும்புக்கு வந்தது. 1896இலே பம்பாயைச் சூறையாடிய அதே நோய், அரிசி மூட்டைகளோடு வந்த எலிகளின் வழியாக இந்நகரத்திலும் புகுந்தது. மாநகர சபையின் நுண்ணுயிரியல் ஆய்வாளராக விளங்கிய ஹேர்ஸ்ட், எந்தத் தெள்ளுப்பூச்சி எந்த எலியோடு வந்து இந்நோயைப் பரப்புகின்றது என்று இங்கே செய்த ஆராய்ச்சி பின்னர் உலகப் புகழ் பெற்றது. பம்பாயிலே நோய் வந்த இரண்டே ஆண்டுகளில், அதாவது 1898இலே, நகர மேம்பாட்டுக்கெனத் தனி அமைப்பு ஒன்று ஏற்பட்டது. இங்கிலாந்திலே 1909இல் வீடமைப்பும் நகரத் திட்டமும் ஒரே சட்டத்துள் வந்தன. இந்தப் பின்னணியிலேதான் இலங்கையில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. இன்று வீடு வாங்குபவர் தேடி அலையும் வரைபடமும் இணக்கச் சான்றிதழும் இச்சட்டத்தின் பிள்ளைகளே.

அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, தலைவரின் எழுத்து மூலமான அங்கீகாரம் பெற்ற வரைபடங்களுக்கு இணங்கவன்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது என்றது. 15ஆம் பிரிவு, சட்டத்துக்கு இணங்கக் கட்டப்பட்டது என்ற சான்றிதழ் கிடைக்கும்வரை, காவற்காரனையன்றி வேறெவரும் புதுக் கட்டடத்திற் குடியிருத்தல் கூடாது என்றது. இவ்விதிகளின் உட்பொருளை எண்ணிப் பார்த்தால், இவை வெறும் தாள்கள் அல்ல என்பது புலனாகும். ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, கழிவுநீருக்கு வழி உண்டு, தீப்பற்றினால் வெளியேற இடமுண்டு என்று ஒரு பொது நிறுவனம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உடைமைக்கு அப்பால், வாழ்வோரின் உடலை நினைத்து எழுதப்பட்ட பத்திரம் நமது நாட்டுச் சட்டத்திலே தோன்றியதற்கு இதுவே ஒரு பெருஞ்சான்று. முற்போக்காளர் இதனை எள்ளி நகையாடலாகாது.

ஆயினும் அச்சட்டம் பிறந்த சூழ்நிலையின் குறைகள் அதனோடேயே பிறந்தன. மனித வாசத்துக்குத் தகுதியற்ற வீட்டை மூடச் சபைக்கு அதிகாரம் கிடைத்தது. மூடப்பட்ட வீட்டிலிருந்து வெளியேறும் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு அச்சட்டத்திலே போதிய விடையில்லை. வரைபடம் வரைவிக்கப் பணம் வேண்டும். கந்தோருக்கு நடக்க நாள் வேண்டும். அன்றைய கந்தோரின் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இப்பத்திரத்துக்கு உறுதியைப்போல மூன்று உயிர்கள் கொடுக்கப்படவில்லை. ஒரு பிரதி வீட்டுக்காரரிடம், ஒரு பிரதி சபைக் கோவையில். வீடு கைமாறும்போது இதனையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறுதியைப் பெட்டகத்திற் பூட்டிவைத்த வீட்டுக்காரர், வரைபடத்தை மேசனிடம் கொடுத்துவிட்டு மறந்துவிட்டார். சபைக் கோவையோ கறையானுக்கும் ஈரத்துக்கும் இடமாற்றங்களுக்கும் தப்ப வேண்டியதாயிற்று. ஒன்றைக் காப்பதற்கு ஒரு திணைக்களம். மற்றதைக் காப்பதற்கு ஓர் அலுமாரி!

வெள்ளவத்தை வளர்ந்தது இச்சட்டத்தின் காலத்திலேதான். மணற்பாங்கான தோட்டம் என்று பொருள்படும் பெயரையுடைய அவ்விடத்திலே, முதலில் நூற்பு நெசவு ஆலை எழுந்தது. 1933இலே அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொட்டிற்பருவ நிகழ்ச்சிகளுள் ஒன்றாகும், கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் அதிலே முன்னின்றனர். ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வரிசைகள் இருக்க, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இலிகிதர்களும் ஆசிரியர்களும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களும் வாடகைக்குக் குடியேறினர். பின்னர், ஓய்வூதியத்தையும் மனைவியின் நகையையும் நம்பிச் சிலர் சிறு காணி வாங்கி வீடு கட்டினர். பெண்ணுக்குச் சீதனமாக ஓர் அறை, மகனுக்காக மேல்மாடி, வாடகைக்காகப் பின்புறத்தில் ஓர் இணைப்பு என்று வீடு வளர்ந்தது. முதல் வீட்டுக்கு வரைபடம் இருந்தது. பின்னால் வளர்ந்த பகுதிகள் பலவற்றுக்கு இல்லை.

இதற்கு மக்களின் சட்டமீறும் மனப்பான்மையே காரணம் என்று சொல்வார் உளர். பொருளாதார நிலைமையை அவர்கள் நோக்குவதில்லை. யுத்த காலத்திலே வீட்டுத் தட்டுப்பாடு உச்சத்தை எட்டியபோது, 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்குக் காப்பளித்தது. அது வேண்டியதொரு சட்டம். ஆனால் புதிய வீடுகளைப் பொதுப்பணத்திற் போதிய அளவு கட்டாமல், பழைய வாடகையை மட்டும் கட்டிவைத்தபோது ஒரு முரண்பாடு விளைந்தது. இலாபம் குறைந்த வீட்டைச் சொந்தக்காரர் திருத்தவில்லை. ஒழுகும் கூரையைக் குடியிருந்தவரே மாற்றினார். பிள்ளைகள் பெருகவே முற்றத்தை அடைத்து அறையாக்கினார். சொந்தக்காரரின் கையொப்பமின்றிச் சபைக்கு அவர் எவ்வாறு விண்ணப்பிப்பார்? விண்ணப்பித்தால் வெளியேற்றும் வழக்குக்கு அதுவே சாட்சியமாகிவிடாதா? ஆகவே பத்திரமில்லாமற் சுவர் எழுந்தது. இவ்வாறு அனுமதியின்றி எழுந்த சுவர்களைக் கொழும்பின் வீட்டுப் பஞ்சத்தின் சரித்திரமாகவே வாசிக்கலாம்.

இக்காலத்திலேயே பத்திரமில்லாமையின் மிகப் பெருங்கொடுமை வேறொரு துறையிலே நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தனர் என்று எழுத்தில் மெய்ப்பிக்குமாறு கேட்டது. தோட்ட லயத்திலே பிறந்து, பதிவுக் கந்தோரின் வாசலையே காணாத பாட்டனுக்கு எந்தச் சான்றிதழ் இருக்கும்? மலையகத் தமிழரின் மிகப்பெரும் பகுதியினர் ஒரே வீச்சிலே நாடற்றவராயினர். கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரும் அதற்குத் தப்பவில்லை. 1840இலே நிலத்தைப் பறித்த அதே கொள்கை 1948இலே நாட்டைப் பறித்தது. எழுதி வைக்க வேண்டிய கடமை அரசினுடையது. எழுதாமல் விட்ட தண்டனை ஏழையினுடையது.

1956இலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியானதன் பின், தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு தடை தோன்றிற்று. தம் வீட்டைப் பற்றித் தமக்கே எழுதப்பட்ட கடிதத்தை வாசிக்க அயலவரை நாட வேண்டியதாயிற்று. மொழி புரியாத அறிவித்தல் அலட்சியமாக வைக்கப்படுவதும், அதற்கு உரிய காலத்திலே மறுமொழி போகாமையும் இயல்பே.

எழுபதுகளிலே நிலைமை சிறிது மாறிற்று. 1972இலே புதிய வாடகைச் சட்டமும், 1973இலே வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் வந்தன. வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரிடம் சென்றன; குடியிருந்தோர் தாம் வாழ்ந்த வீட்டைத் தாமே வாங்க வழி பிறந்தது. தலைமுறையாக வாடகை செலுத்திய பலர் முதன்முறையாக வீட்டுக்காரராயினர். இதன் வரலாற்று முக்கியத்துவத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், உடைமை மாறிற்றேயன்றி, வீட்டின் வரைபடமும் அனுமதியும் அவ்வுடைமையோடு கைமாற வேண்டும் என்ற ஏற்பாடு போதியதாக இருக்கவில்லை. விருப்பமின்றி வீட்டை இழந்த பழைய சொந்தக்காரர் தம் அலுமாரியிலிருந்த பழைய தாள்களைத் தேடிக் கொடுக்க அக்கறை கொள்ளவில்லை. அவ்வாறு பெற்ற வீட்டை இன்று விற்க முயலும் பேரப்பிள்ளையே அக்குறையை உணர்கின்றான்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபை பிறந்தது. கட்டடத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இப்பொழுது இரு நிறுவனங்களோடு தொடர்புடையதாயிற்று. ஒரு வீட்டின் கோவை எங்கே இருக்கின்றது என்ற கேள்விக்கு விடை காணுதல் முன்னரிலும் கடினமாயிற்று.

பின்னர் 1983 ஜூலை வந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு எந்த வீடு தமிழருடையது என்று பார்த்துப் பார்த்துக் கும்பல்கள் தீவைத்ததைக் கண்டோர் பலர் பதிந்துவைத்துள்ளனர். இதிலே நாம் கவனிக்க வேண்டிய கொடிய உண்மை ஒன்று உண்டு. தமிழரை அடையாளம் காட்டும் பத்திரம் அரசிடம் செவ்வையாக இருந்தது; அது உரிய நேரத்திலே உரியதல்லாத கைக்குக் கிடைத்தது. தமிழரின் வீட்டைக் காக்கும் பத்திரமோ அவ்வீட்டோடு எரிந்தது. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே கூரைகளோடு, பெட்டகங்களிலே இருந்த உறுதிகளும் வரைபடங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் சாம்பலாயின.

அதன்பின் நிகழ்ந்தது சரித்திர மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. அவசரகால விதிகளின்கீழ், சேதமடைந்த ஆதனங்கள் அரசுடைமையாயின; அவற்றை நிருவகிக்கப் புனர்வாழ்வு அதிகார சபை ஒன்று அமைக்கப்பட்டது. மலிவு விலைக்கு வேறொருவர் பறித்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும், வீட்டை இழந்தவர் தன் வீட்டைத் திரும்பப் பெறத் தானே விண்ணப்பிக்க வேண்டியவரானார். அகதி முகாமிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர், அங்கிருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றவர் எந்தத் தாளோடு விண்ணப்பிப்பார்? உறுதியின் மறுபிரதி பதிவகத்தில் இருந்தது. அதனால் உடைமையை மெய்ப்பித்தோர் உண்டு. எரிந்த வீட்டுக்கு எத்தனை மாடி இருந்தது, எந்த எல்லைவரை அது சட்டப்படி நின்றது என்று மெய்ப்பிக்க மறுபிரதி இல்லை. விட்டுச்சென்ற வீடுகள் சிலவற்றிலே பிறர் குடியேறினர். இலங்கைச் சட்டப்படி, பிறருரிமையை ஏற்காமற் பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவருக்கு உரிமை உண்டாகும். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அக்கணக்கிலிருந்து நீக்க வழி செய்தது. ஆனால் அச்சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்காட முடியாதிருந்தோரைப் பற்றியே பேசுகின்றது. தலைநகரத்துக் கும்பலுக்கு அஞ்சி ஓடியவரின் பெயர் அதிலே இல்லை.

தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் மீண்டும் வெள்ளவத்தைக்கே வந்தனர். ஒரு தனிவீடு நின்ற காணியிலே தொடர்மாடி எழுந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணம் அதிலே சுவரும் தரையுமாயிற்று. தொடர்மாடியில் ஒரு வீட்டை வாங்கியவருக்குத் தனி உறுதி கிடைக்க வேண்டுமாயின் கூட்டாதன வரைபடம் பதியப்பட வேண்டும். அதற்கு இணக்கச் சான்றிதழ் வேண்டும். அனுமதித்ததற்கு மேலாக மாடி உயர்த்தியோ, வாகனத் தரிப்பிடத்தை விற்றோ கட்டடக்காரர் விதியை மீறியிருப்பின் சான்றிதழ் கிடைக்காது. இலாபத்தோடு அவர் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். முழுப்பணமும் செலுத்தியவர் உறுதியின்றி அங்கேயே வாழ்வார். குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்ற பழைய நியதி இங்கேயும் தொடர்கின்றது.

இன்று பழைய வீடு வாங்குவோரின் நிலை என்ன? கடன் கொடுக்கும் வங்கி அங்கீகரித்த வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் கேட்கின்றது. வீதி எல்லைக் கோட்டுச் சான்றிதழ், அரசு சுவீகரிக்கவில்லை என்ற சான்றிதழ் ஆகியனவும் வேண்டும். வரைபடம் இல்லையாயிற் கடன் இல்லை; கடன் இல்லையாயின், கைப்பணமுள்ள பெருமுதலாளியே அவ்வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்குவான். அவன் வீட்டை வாங்குவது வாழ்வதற்காக அன்று. இடித்துத் தொடர்மாடி கட்டுவதற்காக. காணாமற்போன ஒரு தாள், சொத்தை நடுத்தர வகுப்பிடமிருந்து மேல்வகுப்புக்கு நகர்த்தும் நெம்புகோலாகிவிடுகின்றது.

வழிகள் முற்றாக அடைபட்டுவிடவில்லை. 1915இற்கு முற்பட்ட வீட்டுக்கு அச்சட்டத்தின்கீழ் வரைபடம் இருத்தல் இயலாது. ஆகவே அது பழையது என்று காட்டுவதே தக்க விடை. மதிப்பீட்டு வரி ஏடுகள் வீடு எந்த ஆண்டிலே எவ்வாறு நின்றது என்பதற்குச் சாட்சி சொல்லும். வரி பெறும் ஏடு என்பதால் அது பெரும்பாலும் தப்பியிருக்கும்! பழைய உறுதிகளின் அட்டவணை, நில அளவைப் படங்கள், நீர் மின் இணைப்புப் பதிவுகள் ஆகியனவும் உதவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், சபையிடமும் அதிகார சபையிடமும் எழுத்திலே கேட்டு எழுத்திலே விடை பெறலாம். ஆனால் அச்சட்டமும் புதிய பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமற் காக்க வேண்டும் என்றே விதிக்கின்றது. ஒரு வீடு நூறு ஆண்டு நிற்கின்றது. அதன் பிறப்புப் பத்திரத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு போதுமா?

இங்கிலாந்திலே 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம், அனுமதி விண்ணப்பங்களின் பதிவேட்டை எவரும் பார்வையிடும் வண்ணம் உள்ளூராட்சி நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. குறித்த ஆண்டுகள் கடந்த பின் பழைய கட்டடத்தின்மீது நடவடிக்கை எடுத்தலாகாது என்ற வரம்பும், அந்நிலையைச் சான்றுபடுத்தும் முறையும் அங்கே உண்டு. அந்நாட்டிலும் நிலவுடைமையும் முதலாளித்துவமும் இருக்கத்தான் செய்கின்றன. எனினும், பத்திரத்தைக் காத்தல் பத்திரம் கேட்பவரின் கடமை என்ற எளிய நீதி அங்கே ஏற்கப்பட்டது. நம்மிடம் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அந்நீதியைக் கொண்டுவரவில்லை. சுதந்திரத்துக்குப் பின் ஆண்டவர்களும் அதைத் தேடவில்லை.

பத்திரம் இருந்தாலே போதும் என்று எண்ணுவதும் பேதைமை. 2010இலே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டிலேயே கொம்பனித்தெருவிலே, உறுதியும் வரிச்சீட்டும் வைத்திருந்தோரின் வீடுகளும் இடித்துத் தள்ளப்பட்டன. தாள் தன்னளவிலே எவரையும் காப்பதில்லை. அதனைக் காக்கவைக்கும் ஜனநாயக பலம் மக்களிடம் இருக்கும்போதே அது காக்கின்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. உறுதிக்கு மூன்று பிரதிகள் வைத்த அரசு, கட்டட அனுமதிக்கும் இணக்கச் சான்றிதழுக்கும் அத்தகைய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அவை காணிப் பதிவேட்டோடு இணைந்து, வீடு கைமாறும்போது தாமும் கைமாற வேண்டும். சபையின் கோவை தொலைந்தமைக்கு வாங்குபவரைத் தண்டித்தல் கூடாது. பழைய வீடு உறுதியானதா, வெளிச்சமும் வடிகாலும் உடையதா என்பதை நேரிற் சென்று பார்த்துச் சபையே புதிதாகச் சான்றளிக்க வேண்டும். 1915ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்ல உயிர் அதுவே. தோட்டங்களில் வாழ்வோருக்கு அவர்கள் வாழும் காலமே முதற்சாட்சியமாகக் கொள்ளப்பட வேண்டும். எல்லாவற்றையும் அவரவர் மொழியில் எழுதித் தர வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே சிறப்பானதொரு பணி உண்டு. சரித்திரம் என்றால் அரசர் ஆண்ட ஆண்டுகள் என்று மனனம் செய்யும் வகுப்பிலே, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டின் சரித்திரத்தை எழுதட்டும். பாட்டியிடம் கேட்கட்டும்; பழைய வரிச்சீட்டையும் வாடகைச் சீட்டையும் தேடட்டும்; எந்த ஆண்டில் எந்தச் சுவர் எழுந்தது, எந்த ஆண்டில் எது எரிந்தது என்று குறிக்கட்டும். ஒரு தெருவின் இருபது மாணவர் எழுதும் இருபது குறிப்பேடுகள், சபைக் கந்தோரிலே தொலைந்துபோன கோவைக்கு ஈடாகமாட்டா. ஆயினும் அக்கோவை எங்கே என்று கேட்கும் துணிவை அவை தரும். இதுகாறும் பத்திரத்தை எழுதியவர்கள் நம்மை ஆண்டவர்கள். வாழ்ந்தவர்களும் இனி எழுதத் தொடங்க வேண்டும்.